தங்கம் தீர்ந்தது, கேள்வி தீரவில்லை

சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், குப்பத்தைச் சுற்றியுள்ள பகுதியில், ஒரு பழைய பாறைப் பட்டை ஓடுகிறது. வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். அகலம் சில கிலோமீட்டர்தான். கர்நாடகத்தில் ஆரம்பித்து, ஆந்திரத்துக்குள் நுழைந்து, தமிழ்நாட்டு எல்லையையும் எட்டிப் பார்க்கும் இந்தப் பாறையில் தங்கம் இருந்தது. சித்தூர் பக்கத்தில் சிகரகுண்டா, பிசாநத்தம் என்று சிறிய சுரங்கங்கள். கர்நாடகப் பக்கத்தில் உலகப் புகழ் பெற்ற கோலார் தங்க வயல்.

வெள்ளைக்கார கம்பெனி 1880ல் அங்கே வேலையைத் தொடங்கியபோது, பூமிக்குள் இறங்கத் துணிந்த கூலிகளைப் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்துதான் அழைத்து வந்தது. அப்போது சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். 1911ல்தான் அது தனி ஜில்லா ஆயிற்று. நிலமில்லாத, சேரிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறைக்கு மேல் தோண்டியதில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. உலகத்தின் மிக ஆழமான பள்ளங்களில் ஒன்று. தங்கம் லண்டனுக்குப் போனது. தொழிலாளிகளுக்கு மிஞ்சியது நுரையீரலில் படிந்த கல்தூசி.

இந்தப் பள்ளம் இன்னொரு கூட்டத்துக்கும் பயன்பட்டது. அவர்கள் தேடி வந்தது தங்கத்தை அல்ல. நியூட்ரினோவை.

நியூட்ரினோ என்பது அணுவுக்கும் சிறிய ஒரு துகள். மின்சாரம் கிடையாது, எடை கிட்டத்தட்ட இல்லை, எதனோடும் சேராது, எதிலும் முட்டாது. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1930ல் வுல்ஃப்காங் பாலி கணக்குப் போட்டுச் சொன்னார். கையும் களவுமாகப் பிடிக்க 1956 வரை ஆனது. இத்தனைக்கும் அது அபூர்வப் பொருள் அல்ல. உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே வினாடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பகலில் மேலிருந்து நுழைகின்றன. இரவில் பூமி முழுவதையும் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வருகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதைப் பிடிக்க ஏன் பூமிக்குள் போக வேண்டும்? திருமலையில் பிரம்மோற்சவக் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரு குழந்தையின் கொலுசுச் சத்தத்தை மட்டும் கேட்க முடியுமா? கூட்டத்தை வெளியேற்றினால்தான் முடியும். விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள்தான் அந்தக் கூட்டம். தரையில் வைத்த எந்தக் கருவியிலும் அவை ஓயாமல் இரைச்சல் போடும. இரண்டு கிலோமீட்டர் பாறையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டால் அந்த இரைச்சல் அடங்கும். பாறையைச் சட்டை செய்யாத நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும்.

மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் இளைஞராக இருந்த பி.வி. ஸ்ரீகண்டனை ஹோமி பாபா 1951ல் கோலாருக்கு அனுப்பினார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு காஸ்மிக் கதிர் மிஞ்சுகிறது என்று அளப்பதுதான் வேலை. சுரங்கத் தொழிலாளிகளோடு அதே கூண்டில் இறங்கி, சுடும் பாறைகளுக்கு நடுவே அவர் கருவிகளை வைத்தார். பத்தாண்டு கழித்து மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகிய மூவரும் இன்னும் கீழே போனார்கள். மிக ஆழமான இடத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் கருவி ஒன்றையும் பதிவு செய்யவில்லை. வேறு யாராக இருந்தாலும் சலித்துப் போயிருப்பார்கள். இவர்களுக்கோ சந்தோஷம். கூட்டம் முற்றிலும் வெளியேறிவிட்டது. இனி கொலுசைக் கேட்கலாம்.

எம்.ஜி.கே. மேனனும் ஸ்ரீகண்டனும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினார்கள். 1965ல் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்தது. அதே வேளையில் அமெரிக்காவின் ஃபிரெடரிக் ரெய்னஸ் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் அதையே தேடிக்கொண்டிருந்தார். 1956ல் நியூட்ரினோவை முதன்முதலில் பிடித்து, பிறகு 1995ல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். ரெய்னஸ் குழுவின் கருவியில் முதல் தடயம் முன்னதாகவே விழுந்திருந்தது. ஆனால் கோலார் குழுவின் கட்டுரை 1965 ஆகஸ்ட் மாதம் இரண்டு வாரம் முந்தி அச்சேறியது. சுதந்திரம் பெற்று 18 ஆண்டுகளே ஆன ஒரு தேசம், இயற்பியலின் புதிய துறை ஒன்றில் உலகத்தோடு தோளுக்குத் தோள் நின்றது.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. கோலாரில் இன்னொன்றும் நடந்தது. அதற்குத்தான் இன்னும் விடை இல்லை.

நியூட்ரினோ வழக்கமாகப் பாறைக்குள் எங்கோ மோதும். அதிலிருந்து கிளம்பும் துகள் கருவிக்குள் வந்து கோடு போடும். ஆனால் சில பதிவுகளில் இரண்டு மூன்று கோடுகள் ஒரே புள்ளியிலிருந்து பிரிந்து வந்தன. கோடுகளைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் அந்தப் புள்ளி பாறைக்குள் இல்லை. பாறைச் சுவருக்கும் கருவிக்கும் நடுவில், வெறும் காற்றில் இருந்தது. காற்றில் மோத என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த வெற்றிடத்தில் தானாகவே உடைந்து சிதறியது போல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய பதிவுகள்தான். 1975ல் குழு இவற்றை வெளியிட்டதும் உலக இயற்பியல் வட்டாரம் பரபரத்தது. 'கோலார் நிகழ்வுகள்' என்றே பெயர் வந்தது. வெளிநாடுகளில் துகள் முடுக்கிகளில் தேடிப் பார்த்தார்கள். அகப்படவில்லை. பரபரப்பு அடங்கியது. பெரும்பாலோர் மறந்துபோனார்கள்.

மறக்காத ஒருவர் ஜி. ராஜசேகரன். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 1936ல் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் டாக்டர் பட்டம் வாங்கி, நாடு திரும்பினார். டாட்டா நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகம், தரமணி கணித அறிவியல் நிறுவனம் என்று இங்கேயே வேலை பார்த்தார். கருவி கையாள்பவர் அல்ல. தாளும் பேனாவும்தான் அவர் ஆராய்ச்சிக்கூடம். கோலார் நிகழ்வுகளைப் பற்றி 1970களிலேயே எழுதியவர்.

நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பது 1998ல் உறுதியானபோது, அந்த எடைகள் ஏன் இப்படி அமைந்திருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. 2001ல் எர்னஸ்ட் மா என்பவரோடு சேர்ந்து ராஜசேகரன் ஒரு விளக்கம் முன்வைத்தார். நான்கு முகமுள்ள பிரமிடைத் திருப்பித் திருப்பி வைத்தாலும் அது ஒரே மாதிரி தோன்றுமல்லவா, அந்த மாதிரி ஒரு சமச்சீர் நியூட்ரினோக்களின் அடியில் ஒளிந்திருக்கலாம் என்றது அந்தக் கட்டுரை. இயற்கை அப்படியே நடந்துகொள்ளவில்லை என்று பின்னால் வந்த அளவீடுகள் காட்டினாலும், ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தடத்தில் நடந்தார்கள்.

2014ல், 78 வயதில், அவர் கோலாருக்குத் திரும்பினார். அதே கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என். மூர்த்தியோடு எழுதிய கட்டுரையில் அந்தப் பழைய பதிவுகளை மறுபடி எடுத்து வைத்துக் கேட்டார்: வெற்றிடத்தில் உடைந்தது கரும்பொருளாக இருக்கலாமா?

கரும்பொருள் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1933ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கூட்டமாகச் சுற்றும் விண்மீன் மண்டலங்களைக் கவனித்தார். கண்ணுக்குத் தெரியும் எடையை வைத்துக் கணக்குப் போட்டால், அவை ஓடும் வேகத்துக்கு எப்போதோ சிதறி ஓடியிருக்க வேண்டும். தெரியாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. 1970களில் வேரா ரூபின் தனித்தனி மண்டலங்களிலும் அதே கதையைக் கண்டார். நட்சத்திரம், கிரகம், நீங்கள், நான் எல்லாம் சேர்ந்த சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இந்தக் கரும்பொருள் இருக்கிறது. என்னவென்று மட்டும் தெரியாது.

நியூட்ரினோவுக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. டாட்டா நிறுவனத்திலிருந்து வந்த ராமநாத் கௌசிக், 1972ல் மெக்லெலண்ட் என்பவரோடு சேர்ந்து, பிரபஞ்சத்தையே தராசாக வைத்து நியூட்ரினோவின் எடைக்கு உச்சவரம்பு கண்டார். அடுத்த ஆண்டே, ஸ்விக்கி சொன்ன காணாத எடை இந்த நியூட்ரினோக்களாகவே இருக்கலாமே என்று இருவரும் எழுதினார்கள். கரும்பொருள் ஒரு துகளாக இருக்கலாம் என்று முதலில் யோசித்தவர்களில் அவர்கள் அடங்குவர். நியூட்ரினோவின் எடை அதற்குப் போதாது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நியூட்ரினோவைத் தேடுகிறவன் கரும்பொருளையும் தேடுவான் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஆழம், அமைதி, நீண்ட காத்திருப்பு.

ராஜசேகரனும் மூர்த்தியும் சொன்னது ஓர் ஊகம். அவர்களும் அதை ஊகம் என்றுதான் வைத்தார்கள். விரல் விட்டு எண்ணும் பதிவுகளை வைத்துக்கொண்டு பிரபஞ்ச ரகசியம் வெளிப்பட்டது என்று யாரும் கூவ முடியாது. சரிபார்க்க ஒரே வழி, ஆழமான இடத்தில் பெரிய குகையில் மறுபடி காத்திருந்து பார்ப்பது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. காத்திருக்க நம்மிடம் இடம் இல்லை.

கோலாரில் 1980ல் 140 டன் எடையுள்ள புதிய கருவி வைத்தார்கள். புரோட்டான் என்றாவது சிதையுமா என்று பார்ப்பது நோக்கம். 1985ல் அதைவிடப் பெரிய இன்னொன்றும் வந்தது. ஆனால் தங்கம் கட்டுப்படியாகவில்லை. ஆழமான பகுதிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதும் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியும் முடிந்தது. 2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கமே மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. ஆராய்ச்சி நடந்த பாதைகள் மூழ்கின.

ஜப்பானின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காமியோகா என்ற ஈய, துத்தநாகச் சுரங்கத்தில் 1983ல் அவர்களும் புரோட்டான் சிதைவைத் தேடித்தான் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். புரோட்டான் அங்கும் சிதையவில்லை. ஆனால் தொட்டி தயாராக இருந்ததால், 1987 பிப்ரவரியில் பக்கத்து மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது அதன் நியூட்ரினோக்கள் 11 சிக்கின. 1996ல் 50,000 டன் தண்ணீரோடு பெரிய தொட்டி வந்தது. 1998ல் நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று அது காட்டியது. கோலாரில் 1965ல் முதலில் பார்த்த அதே காற்றுமண்டல நியூட்ரினோக்களைக் கொண்டுதான் காட்டியது. 2002ல் கொஷிபாவுக்கும் 2015ல் கஜிதாவுக்கும் நோபல் பரிசு. காமியோகாவிலும் 2001ல்தான் தாது எடுப்பது நின்றது. அங்கே ஆராய்ச்சிக்கூடம் நிற்கவில்லை. இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் மூளையில் இல்லை. சுரங்கத்தில் தாது தீர்ந்த பிறகும் கேள்வி தீரவில்லை என்பதை ஒரு நாடு கவனித்தது; இன்னொன்று கவனிக்கவில்லை.

விட்டதைப் பிடிக்கத்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டம் வந்தது. ராஜசேகரன் அதற்காக ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். முதலில் நீலகிரியில் மசினகுடிக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். யானைகளின் பாதை என்று 2009ல் மத்திய அரசு மறுத்தது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரம். மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், 2017ல் அனுமதி ரத்து, 2018ல் மறு அனுமதி என்று இழுத்தது. மலை புலிகள் நடமாடும் வழி என்பதால் திட்டம் கூடாது என்று 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி ஒன்று ஓடியது. மலை குடையப்படவில்லை.

எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது சுலபம், நியாயமல்ல. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அது உங்கள் நகத்தைத் துளைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைப்பது, தண்ணீர், மேய்ச்சல் நிலம், காட்டுவழி ஆகியவை பற்றிய கேள்விகள் நிஜமானவை. இடத்தை வரைபடத்தில் முடிவு செய்துவிட்டுப் பிறகு ஊராரிடம் விளக்கப் போகும் பழக்கம் நம் பெரிய திட்டங்களுக்கெல்லாம் பொது. பொட்டிப்புரம் அதற்கும் சேர்த்து விலை கொடுத்தது.

ஆனால் முடிவே எடுக்காமல் இருப்பதற்கும் விலை உண்டு. மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்று வரிசைப்படுத்துவதுதான் பொட்டிப்புரத்தின் முக்கிய நோக்கமாக இருந்தது. அதே கேள்விக்காக சீனா 20,000 டன் திரவம் நிரப்பிய கோளத்தை 700 மீட்டர் ஆழத்தில் கட்டி, 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. அதைப் பார்க்க ராஜசேகரன் இல்லை. 2023 மே மாதம் காலமானார்.

இந்த நஷ்டம் இப்போது யார் தலையில் விடிகிறது என்பதை அறிய திருப்பதிக்குப் போக வேண்டும். 1954ல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 2015ல் ஐ.ஐ.டி., ஐசர் என்று இரண்டு மத்திய நிறுவனங்கள் வந்தன. இயற்பியல் படிக்க நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நியூட்ரினோவையோ கரும்பொருளையோ தேட விரும்பினால், தேர்வுகள் குறைவு. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017ல் திறந்த சிறிய கூடம் ஒன்று உண்டு. இல்லாவிட்டால் ஜப்பான், இத்தாலி, அமெரிக்கா. மேற்கே சில மணி நேர பஸ் பயணத்தில், அவள் பாட்டனார் காலத்திலேயே உலகத்துக்கு முன்னோடியாக இருந்த பள்ளம் தண்ணீரில் கிடக்கிறது.

பொறுமையான விஞ்ஞானம் இந்த மண்ணில் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கி என்ற கிராமத்தில் 1,024 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேல் காற்றுமண்டலத்தை ஆராயும் ரேடார் அது. 1990களின் தொடக்கத்தில், கோலாரில் ஆராய்ச்சி முடிந்த அதே காலத்தில் அமைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த அளவீடுகள்தான் அதன் சொத்து. தினம் ஒரு கண்டுபிடிப்பு கொடு என்று அதை யாரும் மிரட்டவில்லை. இடம் இருந்தது, ஊர் ஒத்துக்கொண்டது, வேலை நடந்தது.

ஆழத்துக்கும் அதே மரியாதை வேண்டும். பொட்டிப்புரம் முடியாது என்றால் முடியாது என்று அறிவித்துவிட்டு, காடும் யானையும் புலியும் இல்லாத வேறு பாறையைத் தேடலாம். தக்காணத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. இந்த முறை வரைபடத்துக்கு முன்னால் ஊராரிடம் போகலாம். மூடப்போகும் சுரங்கம் எதுவானாலும், பம்பை நிறுத்துவதற்கு முன் ஓர் இயற்பியல்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம். இதற்கெல்லாம் 1,500 கோடி தேவையில்லை.

வட ஆற்காட்டுக் கூலிகள் தோண்டிய அந்தக் குழியில், வெற்றுக் காற்றில் ஒன்று உடைந்தது. கருவியின் கோளாறா, தற்செயலா, அல்லது பிரபஞ்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருளே ஒரு நொடி தன்னைக் காட்டிக்கொண்டதா? அரை நூற்றாண்டு ஆகிறது. கேட்டவர்களில் பலர் போய்விட்டார்கள். பதில் எந்தப் பாறையின் அடியில் கிடைத்தாலும் கிடைக்கலாம். நம் பாறையின் அடியில் கிடைக்க வேண்டுமானால், அங்கே யாராவது விளக்கேற்றி உட்கார்ந்திருக்க வேண்டும்.